தாம்பரம் வட்டாரத்தின் காட்டு ஆர்க்கிட்கள்: அடையாளம் கண்ட வரலாறு

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், தாம்பரம், வண்டலூர் எனச் சிறு பாறைக் குன்றுகள் தொடர்ந்து செல்கின்றன. இக்குன்றுகளைச் சுற்றியுள்ள முட்புதர்க் காடுகள் இயல்பான ஆர்க்கிட் செடிகளின் வாழிடம். ஆர்க்கிட் என்றதும் பூக்கடையில் விற்கும் ஊதா நிறக் கலப்பினப் பூக்களோ, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைகளோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கடற்கரைச் சமவெளிக்கும் சொந்தமான ஆர்க்கிட்கள் உண்டு. இவற்றுள் சில, இந்தியத் தாவரங்கள் அறிவியல் முறையில் பதிவு செய்யப்பட்ட தொடக்கக் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து உலகுக்கு அறிமுகமானவை. அவை எவ்வாறு அடையாளம் காணப்பட்டன, அவற்றின் பூ அமைப்பு அதற்கு எவ்வாறு உதவியது, இன்று அவற்றை அடையாளம் காண்பது ஏன் அவசியமாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரில் உள்ள சிக்கல்

ஆர்க்கிட் குடும்பம் முழுவதற்கும் தமிழில் ஒரே பழம்பெயர் இல்லை. சில நூல்கள் 'மந்தாரை' என்று எழுதுகின்றன. ஆனால் பேச்சு வழக்கில் மந்தாரை என்பது இரட்டை மடல் போன்ற இலைகளைக் கொண்ட, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதற்கும் ஆர்க்கிட்டுக்கும் உறவில்லை. மரத்தின்மேல் வளரும் ஆர்க்கிட்களைக் குறிக்க 'மரவாழை' என்ற சொல் உண்டு. கேரளத்திலும் இச்சொல் வழங்குகிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் பல ஆர்க்கிட்களின் பெயர்கள் 'மரவாரா' என்று முடிவது இச்சொல்லின் திரிபே.

இன்னொரு குழப்பம் புல்லுருவியோடு தொடர்புடையது. மரக்கிளையில் தொற்றி வளரும் எதையும் புல்லுருவி என்று சொல்லும் வழக்கம் உள்ளது. புல்லுருவி மரத்தின் திசுவுக்குள் வேரைச் செலுத்தி உணவையும் நீரையும் உறிஞ்சும் ஒட்டுண்ணி. ஆர்க்கிட் மரத்தை இடமாக மட்டுமே பயன்படுத்தும் தொற்றுத் தாவரம். இக்குழப்பம் அறிவியல் பெயருக்குள்ளும் புகுந்திருக்கிறது. வடமொழியில் மரத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணிச் செடியைக் குறிக்கும் 'வந்தாகம்' என்ற சொல்லைக் கல்கத்தாவில் இருந்த வில்லியம் ஜோன்ஸ் பயன்படுத்தினார். 1820-ல் ராபர்ட் பிரவுன் அதை 'வாண்டா' என்ற பேரினப் பெயராக முறைப்படி வெளியிட்டார். உலகெங்கும் தோட்டங்களில் வளர்க்கப்படும் வாண்டா ஆர்க்கிட்கள் எல்லாவற்றுக்கும் பெயர் தந்த மூல இனம் நம் சமவெளி மரங்களில் வளரும் வாண்டா டெசலேட்டா ஆகும்.

பெயர்க் குழப்பம் மருந்துக் கடையிலும் உண்டு. ஆயுர்வேத நூல்கள் கூறும் 'ராஸ்னா' என்ற மருந்துச் சரக்காக வங்காளத்தில் வாண்டா டெசலேட்டாவின் வேரைப் பயன்படுத்துகிறார்கள். தென்னிந்தியாவில் அதே பெயரில் அரத்தைக் கிழங்கைப் பயன்படுத்துகிறார்கள். வட இந்தியாவின் பிற பகுதிகளில் வேறொரு செடி. ஒரே பெயரில் மூன்று தாவரங்கள் வழங்குவதால், செடியைச் சரியாக அடையாளம் காண்பது தாவரவியலாளருக்கு மட்டும் உரிய வேலை அன்று.

தரங்கம்பாடியில் தொடங்கிய பதிவு

சோழமண்டலக் கரையின் ஆர்க்கிட்களை அறிவியல் முறையில் விவரித்த முன்னோடி யோஹான் கெர்ஹார்ட் கோனிக். இவர் லின்னேயஸின் மாணவர். 1768-ல் டேனிய மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றினார். 1785-ல் இறந்தார். அவர் எழுதிவைத்த ஆர்க்கிட் விவரங்களை ஸ்வீடனைச் சேர்ந்த ரெட்சியஸ் 1791-ல் அச்சிட்டார்.

கோனிக்குக்குப் பின் தரங்கம்பாடிக்கு வந்தவர் யோஹான் பீட்டர் ராட்லர். 1776-ல் வந்த இவர், பிற்காலத்தில் சென்னை வேப்பேரியில் பணியாற்றினார். தமிழ் மாணவர்கள் இவரை அகராதித் தொகுப்பாளராக அறிவார்கள். இவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1834-ல் வெளிவரத் தொடங்கி, இவர் மறைந்த பின் 1841-ல் நிறைவுற்றது. சொற்களைப் போலவே செடிகளையும் தொகுத்தவர் இவர். பசிய சிறு பூக்களைக் கொண்ட ஒரு தரை ஆர்க்கிட்டுக்கு இவர் இட்ட பெயரை ஏற்று, ஸ்வீடன் ஆர்க்கிட் வல்லுநர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1800-ல் வெளியிட்டார். அச்செடி இன்று ஹபெனேரியா விரிடிஃப்ளோரா எனப்படுகிறது.

வில்லியம் ராக்ஸ்பர்க் 1776-ல் மதராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்தவர். கோனிக்கை நேரில் அறிந்தவர். இவருடைய 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்ற பெருநூல் 1795 முதல் 1820 வரை லண்டனில் மூன்று தொகுதிகளாக, 300 வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. அதன் முதல் தொகுதியிலேயே வாண்டா டெசலேட்டா, அகாம்பே ப்ரீமோர்சா, யூலோஃபியா எபிடெண்ட்ரியா ஆகியவை இடம்பெற்றன. அன்று அவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. எடுத்துக்காட்டாக, முதல் இரண்டையும் ராக்ஸ்பர்க் 'எபிடெண்ட்ரம்' என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். மரத்தின்மேல் வளரும் ஆர்க்கிட்களைப் பெரும்பாலும் அந்த ஒரே பெயரில் அடக்கிய காலம் அது.

ஒரு செடிக்கு இரண்டு பெயர்கள்

ஆர்க்கிட்டை அடையாளம் காண்பதில் இருந்த சிக்கலுக்கு யூலோஃபியா எபிடெண்ட்ரியா நல்ல எடுத்துக்காட்டு. புதர்க்காட்டில் தரையில் வளரும் இச்செடியைக் கோனிக் 'செராபியஸ் எபிடெண்ட்ரியா' என்ற பெயரில் விவரித்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ராக்ஸ்பர்க் அதே செடிக்கு 'லிமோடோரம் விரென்ஸ்' என்று பெயரிட்டார். விரென்ஸ் என்றால் பசுமையானது. ராக்ஸ்பர்க்கின் நூலில் வண்ணப்படம் இருந்தது. கோனிக்கின் விவரத்துக்குப் படம் இல்லை. படம் இருந்த பெயரையே பின்வந்தவர்கள் பயன்படுத்தியதால், அச்செடி நூறாண்டுக்கு மேல் 'யூலோஃபியா விரென்ஸ்' என்றே அறியப்பட்டது.

தாவரப் பெயரிடல் விதிப்படி, ஓர் இனத்துக்கு முதலில் வெளியான முறையான பெயரே நிலைக்க வேண்டும். ஜே. எஸ். கேம்பிள் தொடங்கிய 'மதராஸ் மாகாணத் தாவரங்கள்' என்ற நூலை, 1925-ல் அவர் மறைந்த பின் சி. இ. சி. ஃபிஷர் தொடர்ந்தார். மதராஸ் வனத்துறையில் பணியாற்றிய ஃபிஷர், ஆர்க்கிட் குடும்பத்தை 1928-ல் வெளியான பகுதியில் எழுதினார். கோனிக்கின் விவரமும் ராக்ஸ்பர்க்கின் படமும் ஒரே செடியைக் குறிப்பதைக் கண்டு, பழைய பெயரை மீட்டார். முதலில் அச்சேறி 137 ஆண்டுகளுக்குப் பிறகே கோனிக்கின் பெயருக்கு உரிய இடம் கிடைத்தது.

ஓவியர்களின் பங்கு

ஆர்க்கிட் பூவை உலர்த்திப் பாதுகாப்பது கடினம். சதைப்பற்றுள்ள பகுதிகள் நசுங்கிவிடும், நிறம் மறையும், பூவின் நடுவில் உள்ள நுண்ணிய உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பூவைக் கொதிநீரில் இட்டு மென்மையாக்கிய பிறகே பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே பூ வாடுமுன் வரைந்த படம், உலர்ந்த செடியைவிடப் பல நேரங்களில் கூடுதல் செய்தி தரும்.

ராக்ஸ்பர்க்கின் படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். அவர்களுடைய பெயர்கள் நூலில் இல்லை. அடுத்த தலைமுறையில் நிலை சற்று மாறியது. 1819-ல் மதராஸுக்கு வந்த ராபர்ட் வைட், தமக்காகப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்களை நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வைட்டின் 'கிழக்கிந்தியத் தாவரப் படங்கள்' 1838 முதல் 1853 வரை மதராஸில் கல்லச்சு முறையில் அச்சானது. 2,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட அந்நூலில் ஆர்க்கிட்கள் கணிசமாக உண்டு. நூலின் இறுதிப் பகுதியில், 1853-ல், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் அது முன்பே அறியப்பட்ட ட்ரோபிடியா என்ற பேரினத்துள் அடங்குவது தெரிந்ததால், இன்று துணைப்பெயராக மட்டும் நிற்கிறது.

தாம்பரத்துக்கு வந்த தாவரவியல்

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வாளர்களின் கவனம் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளின் பக்கமும் திரும்பியது. மதராஸ் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பி. வி. மயூரநாதன் தொகுத்த 'மதராஸ் நகரம் மற்றும் அதன் அண்டைப் பகுதிகளின் பூக்கும் தாவரங்கள்' 1929-ல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. ஃபிஷரின் ஆர்க்கிட் பகுதி வெளிவந்த அடுத்த ஆண்டே உள்ளூர் அளவில் ஒரு பட்டியல் கிடைத்தது மாணவர்களுக்குப் பெரிய உதவி. லிவிங்ஸ்டன், ஹென்றி இருவரும் இதைத் திருத்தி 1994-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தனர்.

1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர்க் காட்டுப் பகுதியில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்குக் கிடைத்தது. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தென்னிந்தியத் தாவரங்களை ஆர்வத்துடன் ஆராய்ந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளில் வளரும் ஹபெனேரியா பார்னெசியை என்ற ஆர்க்கிட் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதர்க்காட்டை முழுவதும் அழிக்காமல் அமைந்த அவ்வளாகம், பல தலைமுறை மாணவர்கள் சமவெளித் தாவரங்களை நேரில் கண்டு கற்ற இடமாயிற்று.

பூவின் அமைப்பு

ஆர்க்கிட் பூவைப் பிற பூக்களிலிருந்து பிரித்தறிய மூன்று கூறுகள் போதும்.

முதலாவது உதட்டிதழ். ஆர்க்கிட் பூவில் வெளிவட்டத்தில் மூன்று புல்லி இதழ்களும் உள்வட்டத்தில் மூன்று அல்லி இதழ்களும் உள்ளன. உள்வட்ட இதழ்களுள் ஒன்று மட்டும் வடிவிலும் நிறத்திலும் மாறுபட்டிருக்கும். பூச்சி வந்து அமரும் திண்ணை இதுவே. மொட்டு நிலையில் இவ்விதழ் மேற்புறம் இருக்கும். மொட்டு வளரும்போது பூக்காம்பு போலத் தோன்றும் சூற்பை அரைச்சுற்று முறுக்கிக்கொள்வதால், விரிந்த பூவில் உதட்டிதழ் கீழே வந்து அமைகிறது. அந்த முறுக்கை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது தூண். லில்லி போன்ற பூக்களில் ஆறு மகரந்தத்தாள்கள் தனித்தனியே நிற்கும். ஆர்க்கிட்டில் மகரந்தத்தாளும் சூலகத்தின் மேற்பகுதியும் ஒன்றாக இணைந்து, பூவின் நடுவில் ஒரே தூணாக நிற்கும்.

மூன்றாவது மகரந்தத் திரள். பிற பூக்களில் மகரந்தம் தூளாக உதிரும். ஆர்க்கிட்டில் அது 'பொலினியா' எனப்படும் திரள்களாகச் சேர்ந்திருக்கும். திரளின் அடியில் ஒட்டும் தட்டு உண்டு. பூச்சி உள்ளே நுழையும்போது தட்டு அதன் தலையிலோ உறிஞ்சுகுழலிலோ ஒட்டிக்கொள்கிறது. பூச்சி திரளை அப்படியே சுமந்து அடுத்த பூவுக்குச் செல்கிறது. சார்லஸ் டார்வின் ஆர்க்கிட்களின் மகரந்தச் சேர்க்கை பற்றி 1862-ல் எழுதிய நூலில் இதை ஒரு பென்சில் முனையால் சோதித்துக் காட்டினார். ஐரோப்பிய ஆர்க்கிட் பூ ஒன்றில் பென்சிலை நுழைத்து எடுத்தபோது முனையில் திரள் நிமிர்ந்து ஒட்டியிருந்தது. சுமார் அரை நிமிடத்தில் அது தானே முன்பக்கம் சாய்ந்தது. பூச்சி அடுத்த செடிக்குப் பறந்து செல்வதற்குள் திரள் சாய்ந்துவிடுவதால், அது அங்குள்ள பூவின் சூலகமுடியில் சரியாகச் சென்று படுகிறது.

சமவெளி இனங்களும் தகவமைப்பும்

வாண்டா டெசலேட்டா மா, புளி, வேம்பு முதலிய மரங்களில் வளர்கிறது. வார்போன்ற தடித்த இலைகள் இரு வரிசையில் மடிப்புடன் அமைந்திருக்கும். தொங்கும் வெண்சாம்பல் நிற வேர்களைச் சுற்றி 'வெலாமன்' என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. மழைநீரை விரைவாக உறிஞ்சி, வெயிலில் வேரை உலராமல் காப்பது இதன் வேலை. மஞ்சள் கலந்த பசிய இதழ்களில் பழுப்பு நிறக் கட்டங்கள் காணப்படும். உதட்டிதழ் நீலம் அல்லது ஊதா சார்ந்திருக்கும். டெசலேட்டா என்ற சொல்லே கட்டம் போட்டது என்று பொருள்படும். பூவுக்கு மணம் உண்டு.

அகாம்பே ப்ரீமோர்சாவும் மரத்தில் வளர்வதே. இலை நுனி கடித்து எடுத்ததுபோல் இருப்பதால் ப்ரீமோர்சா என்ற பெயர் வந்தது. வாண்டாவின் இலை நுனியும் ஒழுங்கற்றே இருக்கும் என்பதால், பூவில்லாத காலத்தில் இரண்டும் குழப்பம் தரும். அகாம்பேயின் பூக்கள் சிறியவை, மஞ்சளில் செந்நிறக் கோடுகள் கொண்டவை, சதைப்பற்றானவை. பூத்தபின் குழப்பத்துக்கு இடமில்லை.

யூலோஃபியா எபிடெண்ட்ரியா முட்புதர்களின் அடியில் தரையில் வளர்கிறது. தரைமட்டத்தில் திரண்ட கூம்பு வடிவப் பசிய தண்டுப்பகுதி, வறண்ட மாதங்களுக்கான நீரையும் உணவையும் சேமித்து வைக்கும். அதன் அடிப்பக்கத்திலிருந்து உயரமான பூக்காம்பு எழும். இதழ்கள் பசுமை கலந்தவை. உதட்டிதழ் வெண்மையில் ஊதா நரம்புகளும் மேடுகளும் கொண்டது. யூலோஃபியா என்ற கிரேக்கப் பெயர் அழகிய கொண்டையைக் குறிக்கும். அது இந்த மேடுகளைப் பார்த்து இட்ட பெயர். இப்பேரினத்தின் பல இனங்கள் தேன் தருவதில்லை. நிறத்தாலும் கோடுகளாலும் தேன் இருப்பதாகக் காட்டித் தேனீக்களை வரவழைக்கின்றன.

ஹபெனேரியா இனங்கள் ஆண்டின் பெரும்பகுதியைத் தரைக்கடியில் கிழங்காகவே கழிக்கின்றன. மழை வந்தபின் இலை விட்டுப் பூத்து, கனிந்து, மீண்டும் மறைகின்றன. ஹபெனேரியா ராக்ஸ்பர்கியையின் அகன்ற சில இலைகள் தரையோடு படிந்திருக்கும். பூக்கள் வெண்மையானவை, மணமுள்ளவை. ராட்லர் பெயரிட்ட விரிடிஃப்ளோராவின் இலைகள் குறுகியவை, பூக்கள் பசியவை. புல்லுக்கிடையே எளிதில் தெரியாது. இப்பேரினத்தின் அடையாளம் உதட்டிதழின் பின்னால் நீளும் தேன்குழல். வெளிறிய நிறமும் இரவில் கமழும் மணமும் நீண்ட குழலும் சேர்ந்த பூக்களை நாடி வருபவை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள்.

களத்தில் அடையாளம் காணும் முறை

செடி தரையில் உள்ளதா, மரத்தில் உள்ளதா என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மரத்தில் என்றால் வேர் பட்டையின்மேல் படர்கிறதா, கிளைக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்த்தால் ஆர்க்கிட்டையும் புல்லுருவியையும் பிரித்துவிடலாம். அடுத்து இலையின் நுனியும் அமைப்பும், பூக்காம்பு தோன்றும் இடம், பூவின் பின்னால் தேன்குழல் உள்ளதா, உதட்டிதழின் மடல்கள் எத்தனை என்பவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். பூவை முன்புறமும் பக்கவாட்டிலும் பின்புறமும் படமெடுத்தால், வல்லுநர் பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடுவார். முன்புறப் படத்தில் மட்டும் தேன்குழல் தெரியாது.

செடியைப் பிடுங்கக் கூடாது. ஆர்க்கிட் விதைகள் தூசி போன்றவை. முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அவற்றில் இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ உள்ள குறிப்பிட்ட பூஞ்சைகளின் துணையுடனேயே இயற்கையில் அவை முளைக்கின்றன. வீட்டுத் தொட்டிக்கு மாறிய காட்டுச் செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி எந்தச் செடியையும் எடுப்பது குற்றம்.

இன்றைய நிலை

தாம்பரம் 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. சுற்றியிருந்த ஏரிக்கரைகளும் குன்றடிவாரங்களும் குடியிருப்புகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் புதர்க்காடுகளில் குறிப்பிடத்தக்கவை நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் காப்புக்காடு, கிறித்தவக் கல்லூரி வளாகம் ஆகியவை. ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புள்ள நன்மங்கலம் காப்புக்காடு, தரை ஆர்க்கிட்களுக்காகவும் கொம்பன் ஆந்தைக்காகவும் அறியப்பட்டது.

இவ்வாழிடங்களுக்கு உள்ள இடர், அவை வெறும் தரிசாகத் தோன்றுவதே. உயரமான மரங்கள் இல்லாத முட்புதரைக் காடு என்று பலரும் கருதுவதில்லை. கோடையில் நடத்தும் கணக்கெடுப்பில் ஹபெனேரியா இருக்காது. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போதும் அதற்குப் பின்னும் வந்து பார்ப்பவருக்குத்தான் அங்கே என்ன இருக்கிறது என்பது தெரியும். புதரைத் 'துப்புரவு' செய்து மரக்கன்று நடும் நல்லெண்ண முயற்சியும், காலம் பாராமல் நடந்தால், இருந்த ஆர்க்கிட்டை அழித்துவிடும். மரத்தில் வளர்பவற்றின் நிலையும் வேறன்று. சாலையோரத்து முதிய புளிய மரம் வெட்டப்படும்போது அதிலுள்ள வாண்டாவும் போகிறது. அதே இடத்தில் நடும் இளங்கன்றில் வாண்டா பற்றி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

கோனிக், ராட்லர், ராக்ஸ்பர்க், ஃபிஷர் ஆகியோர் பதிவு செய்த இனங்கள் நூல்களிலும், இன்று கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் உலர்தாவரத் தொகுப்பு போன்ற இடங்களிலும் பாதுகாப்பாக உள்ளன. ஆனால் ஓரிடத்தில் ஓர் இனம் இன்றும் உயிருடன் உள்ளதா என்பதைப் பழைய பதிவு சொல்லாது. மழைக்காலத்தில் ஒரு மாணவர் எடுக்கும் மூன்று படங்களும், நாளும் இடமும் சேர்ந்த ஒரு குறிப்பும் அதைச் சொல்லும். ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுவதா, காடு என்று எழுதுவதா என்ற கேள்வி எழும்போது, அத்தகைய குறிப்புகளே சான்றாக நிற்கும்.